'நடிக்கிறார்' என்று சோதனை சொல்வது எப்படி?

கொலை வழக்கில் சிக்கியவருக்கு உண்மையிலேயே மனநோயா, நடிப்பா என்று கோர்ட்டுக்கு எப்படித் தெரியும் என்று திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

டாக்டர் பேசிப் பார்ப்பார், வார்டில் வைத்துக் கவனிப்பார், வீட்டாரிடம் விசாரிப்பார். கேள்வித்தாள் சோதனைகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு அவற்றுக்குள்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1943இல் வெளியான மினசோட்டா ஆளுமைச் சோதனையில் ஐந்நூற்றுச் சொச்சம் வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் வேண்டுமே? அங்கே பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களைத்தான் பெரும்பாலும் கேட்டார்கள். அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடச் சொல்லாத பதில்களாகப் பார்த்து 64 வாக்கியங்களைப் பொறுக்கினார்கள். இதுதான் எஃப் அளவுகோல். ஒருவர் இந்த அபூர்வப் பதில்களை வரிசையாகச் சொன்னால், வாக்கியம் புரியாமல் இருக்கலாம், நோய் கடுமையாக இருக்கலாம், இல்லை மிகைப்படுத்தலாம். நோயாளியாக நடிப்பவருக்கு எது அபூர்வம் என்று தெரியாது. கண்டதற்கெல்லாம் தலையாட்டி மாட்டிக்கொள்வார். என்ன அழகான யோசனை!

ஆனால் அபூர்வம் ஊருக்கு ஊர் மாறும். தீய ஆவி சில சமயம் தன்னைப் பிடிப்பதாகச் சொல்லும் வாக்கியம் அந்த 64இல் ஒன்று. மினசோட்டாவில் அதற்குச் 'சரி' சொல்பவர் அரிது. 'முனி அடிச்சிடுச்சு' என்று கேட்டே வளர்ந்து, குணசீலம் கோயிலில் மனம் தெளியத் தங்கியிருப்பவர்களையும் பார்த்த டெல்டாக்காரர் சட்டென்று 'சரி' என்பார். புள்ளி ஏறும். மனநோய் உள்ளவரையே 'மிகைப்படுத்துகிறார்' என்று ரிப்போர்ட் காட்டிக்கொடுக்கும். பேய் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடுவது கொடுமை. ஆனாலும் அந்த நம்பிக்கை நடிப்பாகிவிடாது.

இங்கே சட்டமும் கறாரானது. பாரதிய நியாய சன்ஹிதா 22ஆம் பிரிவின்படி (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84), மனநோயால் தான் செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறியாதவர் செய்தது குற்றமல்ல. ஆனால் அதைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ரிப்போர்ட்டில் 'நடிப்பு' என்று விழுந்துவிட்டால், மருந்தும் கண்காணிப்பும் வேண்டியவர் ஆயுள் தண்டனைக்குப் போகலாம். 2022இல் மனோஜ் வழக்கில், மரண தண்டனை பற்றி முடிவெடுக்குமுன் மனநல மதிப்பீடு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபின் இத்தகைய ரிப்போர்ட்டுகளின் கனம் இன்னும் கூடியிருக்கிறது.

அந்தச் சோதனையை 1989இல் புதுப்பித்தார்கள், அதுவும் அமெரிக்கர்களை அளந்துதான். நம் ஊருக்கான அளவை நாம்தான் எடுக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரிகளுக்கு அரசு இதற்கென்று பணம் ஒதுக்கட்டும். அதுவரை குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் புள்ளியை யாருடைய பதில்களோடு ஒப்பிட்டீர்கள்?