ஈரத்தில் மறையும் இலை

ரங்கூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். மகளின் பள்ளியில் காடு பற்றிய நிகழ்ச்சி, பிள்ளைக்கு மரம் வேஷம். கடையில் விற்கும் முகச்சாயம் வேண்டாம் என்று வீட்டிலேயே தனக்கா, அதாவது பர்மாவில் முகத்தில் பூசும் மரக்குழம்பு, அரைத்துக் கன்னத்தில் இலை வரைந்திருக்கிறார். வெறும் தண்ணீரைத் தடவியது போலத்தான் இருந்ததாம். சரி, போதவில்லை என்று மேலே இன்னொரு பூச்சு, அதற்கும் மேலே ஒன்று. கொஞ்ச நேரத்தில் கன்னம் வெளேரென்று ஆகி, பிள்ளை சிரித்ததும் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஈரத்தில் இல்லாத நிறம் காய்ந்ததும் எங்கிருந்து வந்தது என்பது அவருடைய கேள்வி.

தனக்கா எலுமிச்சை, வில்வம், விளா எல்லாம் சேர்ந்த குடும்பத்து மரம். பர்மாவின் வறண்ட நடுப்பகுதியில் வளர்கிறது, ஷ்வேபோ பக்கத்துக் கட்டைக்குத் தனி மதிப்பு. சந்தனம் போலவே கல்லில் தண்ணீர் விட்டு உரசுகிறோம், ஆனால் இதைப் பட்டையோடு. ஆக, அந்தக் குழம்பில் இருப்பது பொடிப்பொடியான மரத்துகளும் தண்ணீரும்தான்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் போகும்போது அதில் ஒரு பங்கு எல்லையிலேயே வந்த வழி திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பதை இரண்டின் ஒளிவிலகல் எண்ணுக்கும் (ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைச் சொல்லும் எண்) உள்ள வித்தியாசம் முடிவு செய்கிறது. மரத்துகளுக்கு அந்த எண் ஏறக்குறைய 1.5, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துகளைச் சுற்றித் தண்ணீர் இருந்தால், நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு எல்லையிலும் 0.4 சதவீதம்கூடத் திரும்புவதில்லை, மீதியெல்லாம் உள்ளே போய்த் தோலைத் தொட்டுவிடும், அதனால் நமக்குத் தோல்தான் தெரிகிறது. தண்ணீர் போய் அந்த இடுக்கில் காற்று நுழைந்ததும் அதே எல்லையில் 4 சதவீதம் திரும்புகிறது, பத்து மடங்கு! ஒரு மெல்லிய பூச்சுக்குள் இப்படி எத்தனையோ எல்லைகள் அடுக்கடுக்காக இருப்பதால் ஒளி அங்குமிங்கும் மோதிச் சிதறி வெளியே வந்துவிடுகிறது. துகள் நீல ஒளியைச் சற்றே விழுங்குவதால் வெள்ளையில் இளமஞ்சள் கலந்து தெரியும்.

வாசலில் மாக்கோலம் போட்டவர்களுக்கு இது பழக்கம். போடும்போது மங்கல், காய்ந்ததும் பளிச். குழைத்துப் பூசிய திருநீறும் அப்படித்தான். அடுத்த முறை கன்னத்தை உற்றுப் பாருங்கள், நிறம் முழுவதும் ஒரே நேரத்தில் வராது. சீக்கிரம் காயும் ஓரத்தில் முதலில் காற்று நுழையும், அங்கிருந்து வெண்மை உள்ளே நகர்ந்து வரும், இலை தன் விளிம்பைத் தானே வரைந்துகொள்வது போல இருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ந்ததும் தெரியும் வெண்மை காற்றின் வேலை, கழுவினால் போய்விடும். வெள்ளையாவாய் என்று சொல்லிப் பெண்பிள்ளைக்குப் பூசுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. தனக்காவில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் மார்மெசின் என்ற பொருள் இருக்கிறது, பூச்சு காயும்போது தோல் குளிரவும் செய்கிறது, அதைச் சொல்லிப் பூசலாமே. குழந்தைகள் தினமும் முகத்தில் பூசும் ஒரு பொருளை ஆராய யாராவது பணம் கேட்டால் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

வெடிப்புக்குக் காரணம் கனம். தண்ணீர் போகும்போது துகள்கள் நெருங்கப் பார்க்கும், அடிப்பக்கம் தோலில் ஒட்டியிருப்பதால் சுருங்க முடியாது, கனமான பூச்சில் அந்த இழுப்பு அதிகமாகிக் குளத்துச் சேறு போலப் பிளக்கும்.

அதனால் ஒரே மெல்லிய பூச்சு போதும். முதலில் புறங்கையில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு, அந்த நிறத்தைப் பார்த்துக் குழம்பின் பதத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம் கன்னத்தில் தடவி, பாதி காயும்போது ஈர்க்குச்சியால் நரம்புகளைக் கீறுங்கள், கீறிய இடத்தில் தோலின் நிறம் தெரியும். முழுதாகக் காயும்வரை பிள்ளையைச் சிரிக்க வைக்காதீர்கள்.