கிரேடு 1தானே என்று ரிப்போர்ட்டை மடித்து வைக்காதீர்கள்

வயிற்றில் நீர் கோர்த்து, கால் வீங்கி வந்தவரின் கோப்பில் வரிசையாக ஐந்து வருட ஸ்கேன்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'ஃபேட்டி லிவர், கிரேடு 1'. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே டாக்டர், அதான் விட்டுட்டேன்" என்றார். இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

ஸ்கேனில் போடும் கிரேடு, கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு தெரிகிறது என்பதற்கு மட்டுமே. ஆபத்து எவ்வளவு என்பதை அது சொல்லாது. கல்லீரலைக் கெடுப்பது கொழுப்பைத் தொடர்ந்து விழும் தழும்பு. ஆரம்பத் தழும்பு சாதாரண ஸ்கேனில் தெரியாது. தழும்பு முற்றி சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும் நிலை) ஆகும்போது கொழுப்பு குறைந்துபோவதும் உண்டு. அதனால் கிரேடு இறங்கினாலே குணமாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ரத்தத்தில் பார்க்கும் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் நார்மல் என்பதும் உத்தரவாதம் ஆகாது.

அவருடைய போன வருட ரத்தப் பரிசோதனையைப் புரட்டினேன். வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, தட்டணுக்கள் 1,10,000. இந்த நான்கையும் வைத்து, தழும்பு இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடுவதுதான் ஃபிப்-4. அவருக்கு 3.78 வந்தது. தனிச் செலவே இல்லாத கணக்கு. அன்றே யாராவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஃபிப்-4 1.3க்குக் கீழே இருந்தால் (65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2) உங்கள் வழக்கமான மருத்துவரே போதும். சர்க்கரை நோயாளிகள் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட்டே ஆக வேண்டும். ஃபிப்-4 அந்த அளவுக்கு மேல் போனால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள். அதில் 8 கிலோபாஸ்கல் (kPa) அல்லது அதற்கு மேல் வந்தாலோ, ஃபிப்-4 நேராக 2.67ஐத் தாண்டினாலோ கல்லீரல் நிபுணரைப் பாருங்கள். தட்டணு வருடா வருடம் இறங்கினாலும் அப்படியே. மஞ்சள் காமாலை, வயிற்று வீக்கம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். ரத்த வாந்தி, கருப்பு மலம், பேச்சில் குழப்பம் என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையை ஒருமுறையாவது செய்யுங்கள். கொழுப்பு இருக்கிறது என்றதும் மற்ற காரணங்களைத் தேடாமல் விடுவது எங்கள் துறையிலும் நடக்கிறது. எடை கூடியவர்கள் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் அழற்சி தணியும். 10ஐத் தாண்டினால் தழும்பும் பின்வாங்க வாய்ப்புண்டு. ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வரும். மதுவை அடியோடு நிறுத்துங்கள், 'கொஞ்சம்தான்' என்று பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று யாரோ அனுப்பிய பொடியையும் கஷாயத்தையும் குடிக்காதீர்கள். அதைக் குடித்தே கல்லீரல் செயலிழந்து வருபவர்களையும் நாங்கள் பார்க்கிறோம். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், பாக்கெட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். திட்டமாட்டோம்.