என்டர் தட்டினாலும் வரி மாறாதது ஏன்?

நோட்பேடைத் திறந்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் அடியுங்கள். முதலில் தலைப்பு. அடுத்து ஒரு பத்தி: 1966-ல் கட்டியது, 115 அடி உயரம், பரளியாற்றுக்கு மேலே பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. அப்புறம் நாகர்கோவிலிலிருந்து போகும் வழி. நடுநடுவே என்டர் தட்டி நன்றாக இடம் விடுங்கள். கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து, எச்டிஎம்எல் என்று ஆங்கில எழுத்தில் சேர்த்துச் சேமித்து, பிரவுசரில் திறந்து பாருங்கள். இதற்கு இணையம்கூட வேண்டாம். தலைப்பும் வழியும் பத்தியும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே குவியலாகக் கிடக்கும்.

எத்தனை என்டர், எத்தனை ஸ்பேஸ் தொடர்ந்து வந்தாலும் பிரவுசர் அதை ஒரே இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். எது தலைப்பு, பத்தி எங்கே முடிகிறது என்பதை டேக் என்ற அடையாளக் குறி போட்டு நாம்தான் சொல்ல வேண்டும். செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ, இணையப் பக்கங்களை இப்படி டேக் போட்டு எழுதும் எச்டிஎம்எல் மொழியை உருவாக்கியபோது அங்கே பல வகைக் கணினிகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே ஆவணம் திறக்க வேண்டும். அதற்கு, எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதைவிட அது என்ன என்று சொல்வதுதான் சரியான வழி.

பத்திக்கு 'பி' டேக். கணக்கில் வரும் சிறியது, பெரியது குறிகளுக்கு நடுவே அந்த ஆங்கில எழுத்தைப் போட்டுத் தொடங்க வேண்டும். முடிக்கும்போது எழுத்துக்கு முன்னால் ஒரு சாய்கோடு. தலைப்புக்கு எச்1 முதல் எச்6 வரை. நாகர்கோவில், தக்கலை, திருவட்டாறு, மாத்தூர் என்று வழி சொல்லும்போது வரிசை முக்கியம், அதற்கு 'ஓஎல்'. வரிசை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றால் 'யூஎல்'. இரண்டிலும் ஒவ்வொரு ஊரும் ஒரு 'எல்ஐ'.

பலர் தலைப்புக்கு எச்1 போடாமல் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பார்வையற்றவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) எச் விசையைத் தட்டித் தலைப்புத் தலைப்பாகத் தாவிப் போவார். டேக் இல்லாத தலைப்பு அவருக்குத் தலைப்பே அல்ல. முழுப் பக்கத்தையும் கேட்டுத்தான் தேட வேண்டும். இந்த ஒரு காரணமே போதும், டேக்கை ஒழுங்காகப் போட.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் ஓர் அலகு). 'மட்டி' என்பதில் ம, ட, புள்ளி, ட, இகரக் குறி என 5 குறிகள், ஆக 15 பைட். பழைய ஐரோப்பிய எழுத்துமுறை என்று பிரவுசர் தப்பாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்துவிடும். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. அதனால்தான் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' வரிக்கு வரி திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா டேக் போட்டு யூடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டால் இது நடக்காது. கூடவே, தொடக்க எச்டிஎம்எல் டேக்கில் மொழி 'டிஏ' என்று குறித்துவிடுங்கள். தமிழ்க் குரல் இருக்கும் கருவியில் திரைவாசிப்பான் அந்தக் குரலுக்கு மாறிப் படிக்கும்.