டிரான்ஸ்பாண்டர்: கேட்டால் மறுமொழி சொல்லும் கருவி

2014 மார்ச் 8 அன்று மலேசியா ஏர்லைன்ஸ் 370 விமானம் காணாமல் போனபோது செய்திகளில் அடிக்கடி அடிபட்ட சொல் டிரான்ஸ்பாண்டர். இதை 'சிக்னல் கருவி' என்று எழுதிவிட்டுப் போனால் பாதிப் பொருள் போய்விடும்.

டிரான்ஸ்மிட்டர், ரெஸ்பாண்டர் இரண்டையும் ஒட்டி 1940களில் செய்த சொல் இது. முன்பாதி அலைபரப்பி. பின்பாதி, கேட்டதற்கு மறுமொழி சொல்வது. சொல்லின் உயிர் பின்பாதியில்தான் இருக்கிறது. தரையிலுள்ள ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் 'யார் நீ, எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய்' என்று கேட்கும். விமானம் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் நான்கு இலக்க எண்ணையும் உயரத்தையும் சொல்லும். அந்த எண்ணில் 8, 9 வராது. 0 முதல் 7 வரைதான். ஆக மொத்தம் 4096 எண்கள். 7700 என்றால் ஆபத்து, 7600 என்றால் ரேடியோ பழுது, 7500 என்றால் கடத்தல்.

இந்த எண்ணை 'ஸ்குவாக்' என்பார்கள். கிளி கரகரவென்று கத்துவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது. இரண்டாம் உலகப் போரில் நண்பனா பகைவனா என்று அறிய விமானத்தில் வைத்த கருவிக்குப் பிரிட்டிஷ் படையினர் வைத்த மறைபெயர் 'கிளி'. கிளி இருந்தால் கத்தத்தானே வேண்டும்! நம் மரபில் கிளி பேசும், மிழற்றும். அதை அப்படியே பெயர்த்தால் ஒட்டாது. ஆனால் 'போய்ச் சேர்ந்ததும் ஒரு குரல் கொடு' என்று நாம் சொல்கிறோமே, அது அச்சாகப் பொருந்துகிறது. தரைக் கட்டுப்பாட்டாளர் விமானியிடம் 'ஸ்குவாக் 4521' என்றால் '4521 என்று குரல் கொடு' என்று பொருள்.

இந்த மறுமொழி எவ்வளவு தூரம் கேட்கும் என்பது பெரும்பாலும் உயரத்தைப் பொறுத்தது. இந்த அதிர்வெண்ணில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு மறைத்துவிட்டால் அவ்வளவுதான். 35,000 அடியில் பறக்கும் விமானத்தின் குரல், தடையில்லாத இடத்தில் 400 கிலோமீட்டர் வரைகூடக் கிடைக்கும். அதே விமானம் 1,000 அடிக்கு இறங்கினால் சுமார் 70 கிலோமீட்டரோடு சரி. இத்தனைக்கும் அதைப் பிடிக்க ஏழு சென்டிமீட்டர்கூட வராத கம்பித்துண்டு ஆன்டெனாவாகப் போதும், கால் அலைநீளம் அவ்வளவுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'அலைபரப்பி வாங்கி' வேண்டாம். அது வாக்கி டாக்கிக்குத்தான் பொருந்தும். 'மறுமொழி அலைபரப்பி' என்பதே என் தேர்வு. செயற்கைக்கோளில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் வேறு வேலை செய்கிறது: வந்த அலையை வலுவாக்கி, அதிர்வெண் மாற்றித் திருப்பி அனுப்புகிறது. அதற்கு 'மறுபரப்பி' போதும்.

இப்போது ஏடிஎஸ்-பி முறையில் விமானம் யாரும் கேட்காமலே தன் இருப்பிடத்தை நொடிக்கு இரண்டு முறை சொல்கிறது. இதையும் மறுமொழி என்பதா? கருவி பெரும்பாலும் அதேதான், ரேடார் கேட்டால் இன்றும் பதில் சொல்கிறது; அதனால் கருவியின் பெயர் இருக்கட்டும். தானாகச் சொல்லும் இந்தச் செயலை மட்டும் 'தன்னறிவிப்பு' என்று பிரித்துச் சொல்லலாம்.