மலைக்காற்றும் கேமிங் லெப்டொப்பும்

கண்டியில் ஒரு கடைக்குப் போனால் இரண்டு லெப்டொப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரே ஒட்டியிருக்கும். மெல்லியதற்கு விலை கூட. ஆனால் கேமை ஓடவிட்டால் பெரும்பாலும் தடித்ததே முந்தும். ஸ்டிக்கரில் இல்லாத ஓர் எண்தான் காரணம்: வாட்.

லெப்டொப்புக்கான 4060 சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அதைச் செய்யும் என்விடியா நிறுவனம் விட்டிருக்கிறது. பெயர் மட்டும் மாறாது. மெல்லிய உடம்பில் சூட்டை வெளியேற்ற இடம் போதாததால் தயாரிப்பாளர் வாட்டைக் குறைத்துவிடுகிறார்.

அதற்காக 115 வாட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கவும் தேவையில்லை. சிப்பின் மின்செலவு அதன் கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தை 10 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் ஏற்ற வேண்டி வந்தால், மின்செலவு 33 சதவீதம் எகிறும். கடைசித் துளி வேகம்தான் ஆக விலை கூடியது. 80, 90 வாட்டில் ஓடும் 4060 நல்ல விலைக்குக் கிடைத்தால் நான் தயங்க மாட்டேன். 45 வாட் என்றால் வேண்டாம்.

இந்த வாட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சிப்பின் மேல் படிந்திருக்கும் செப்புக் குழாய்க்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்த நீர் 100 பாகைக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே ஆவியாகிறது. சோற்றுப்பானை மூடியில் ஆவி பட்டு நீராக வடிவதைப் போல, குழாயின் மறுமுனையில் அது குளிர்ந்து நீராகிச் சூட்டை உலோகத் தகடுகளிடம் விட்டுவிடுகிறது. பிறகு குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே சிப்புக்குத் திரும்புகிறது. தகடுகளிலிருந்து சூட்டை அள்ளிப் போவது விசிறிக் காற்று.

நம் மலை குறுக்கே வருவது இங்கேதான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். ‘ஊர்க் குளிருக்கு எந்த லெப்டொப்பும் சூடாகாது’ என்று சொல்பவர்கள் பாதி சரி. மீதிப் பாதி, காற்று மெலிந்திருப்பது. கொழும்போடு ஒப்பிட்டால் இங்கே ஒரு கன மீற்றர் காற்று ஆறில் ஒரு பங்கு எடை குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளும் காற்றின் நிறை குறைகிறது. கொழும்பில் 30 பாகை அறையில் லெப்டொப்புக்குள் போகும் காற்று 25 பாகை கூடி, 55 பாகையில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சூட்டைச் சுமக்க நுவரெலியாக் காற்று 30 பாகை ஏறி 46இல் வரும். குளிர் தந்த 14 பாகையில் ஐந்தை உயரம் பிடுங்கிக்கொண்டது. ஒன்பது கையில் மிச்சம். சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மெல்லிய லெப்டொப்புக்கு அந்த ஒன்பது பாகை பெரிய விஷயம். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உயரம் குறைவு என்பதால் இரண்டு விளைவுமே கொஞ்சம் தணிந்திருக்கும்.

சரி, தூக்கிக்கொண்டு போவது? பஸ்ஸில் மடியில் வைத்துக் கேம் ஆடலாம் என்று கனவு காணாதீர்கள். விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய பெட்டரிக்கு உச்சவரம்பு 100 வாட்-மணி. ஆகப் பெரிய லெப்டொப் பெட்டரியும் அதைத் தாண்டுவது அரிது. சிப்பும் திரையும் சேர்ந்து 100 வாட் இழுத்தால் ஒரு மணிநேரம்தான். பெட்டரியால் அவ்வளவு வேகமாக மின்சாரம் கொடுக்கவும் முடியாது. வயரைக் கழற்றியதுமே வேகம் இறங்கிவிடும். ஆகவே எடை பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்தே தூக்கிப் பாருங்கள். அப்புறம் ரெம் என்கிற தற்காலிக நினைவகம்: 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் தரவு போகும் பாதை பாதியாகிவிடும். இரண்டு எட்டாக இருப்பதே நல்லது.

வாட்டைக் கடையிலேயே பார்த்துவிடலாம். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் கிராஃபிக்ஸ் சிப்பின் உச்ச வாட் இருக்கும். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒரு கேமைப் போட்டு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லா லெப்டொப்பும் பறக்கும். உலோகம் சூடேறி முடிந்த பிறகு வரும் வேகத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.