ஏஆர்வி மாத்திரையும் முழங்கால் வலி மாத்திரையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருந்துக்கடை கவுன்டரில் நிற்கும் எவருக்கும் இது தெரியும்: ஏஆர்வி, அதாவது எச்ஐவியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அதிலும் நம்மவர்கள். "அதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு வராது" என்றே பேசிப் பழகிய, நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில், லேபிளைக் கிழித்துவிட்டு மாத்திரையைப் பழைய வைட்டமின் டப்பாவில் கொட்டி வைப்பார்கள். அப்புறம் முழங்கால் வலிக்கு ஐபுபுரோஃபென் கேட்டு வருவார்கள். "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க ஆன்ட்டி?" என்றால், "சுகருக்கும் பிரஷருக்கும்தான்" என்று பதில் வரும்.

சிக்கல் அந்த பதிலில்தான் இருக்கிறது. ஏன் என்று புரிய, மாத்திரைக்குள் இருப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அரசு கிளினிக்குகளில் 2019 முதல் பெரும்பாலானோருக்குத் தருவது டிஎல்டி. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில். இதில் டெனோஃபோவிர் ஒரு போலி நியூக்ளியோடைடு, அதாவது டிஎன்ஏ சங்கிலியில் கோக்கும் துண்டின் போலி. எச்ஐவி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்ற ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியை நம்பியிருக்கிறது. அந்த நொதி போலியை அசல் என்று நினைத்துக் கோத்துவிடும். மறுபக்கம் கொக்கியே இல்லாத ரயில் பெட்டி அது. அடுத்த பெட்டியை மாட்ட வழியில்லை. வைரஸின் வேலை அங்கேயே நின்றுபோகும்.

1987இல் வந்த ஏஇசட்டி போன்ற பழைய மருந்துகளும் போலிகள்தான். ஆனால் அவை வேலை செய்ய, மூன்று பாஸ்பேட்டுகளை நம் செல்லின் நொதிகள் ஒவ்வொன்றாக ஒட்டித்தர வேண்டும். பல மருந்துகள் முதல் பாஸ்பேட்டிலேயே திணறும். பிராகில் வேதியியலாளர் அன்டோனின் ஹோலி, பெல்ஜியத்தில் வைரஸ் ஆய்வாளர் எரிக் டி கிளெர்க் இருவரும் சேர்ந்து உருவாக்கிய டெனோஃபோவிர் போன்ற மூலக்கூறுகளில் அந்த முதல் படியே தேவையில்லை. பாஸ்பேட்டின் இடத்தில், உடலின் நொதிகளால் வெட்ட முடியாத பாஸ்போனேட் முன்கூட்டியே இருக்கும். செல் இரண்டை ஒட்டினால் போதும். என் கணக்கில், மருந்து வேதியியலில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை குறைவு.

கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு விலையும் உண்டு. பாஸ்போனேட்டின் மின்னூட்டத்தால் டெனோஃபோவிர் குடலைத் தாண்டாது. அதனால் டைசோப்ராக்சில் என்ற மூடியைப் போட்டு விழுங்கவைக்கிறார்கள். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இந்த வடிவம்தான். உள்ளே போனதும் மூடி சீக்கிரமே கழன்றுவிடும். ரத்தத்தில் சுற்றும் டெனோஃபோவிரை வெளியேற்றுவது சிறுநீரகம். அதன் நுண்குழாய்ச் செல்கள் மருந்தை ரத்தத்திலிருந்து வேகமாக இழுத்துக்கொள்ளும். சிலருக்கு அது அங்கேயே தேங்கிச் செல்களைக் கெடுக்கும். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் ஏற்கெனவே களைத்துப்போன சிறுநீரகம் என்றால் கதை வேறு. அதற்கு மேல் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தினமும் போட்டால், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். முழங்கால் வலிக்கு முதலில் பாராசிட்டமால் போதுமா என்று பாருங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்க கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற புதிய வடிவமும் இருக்கிறது. அதன் மூடி ரத்தத்தில் அவ்வளவாகக் கழலாது. செல்லுக்குள் போன பிறகு கத்தெப்சின் ஏ என்ற நொதி அதை வெட்டும். அதனால் 300 மில்லிகிராமுக்குப் பதில் 25 போதும், சிறுநீரகத்துக்கும் சுமை குறைவு.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஸ்டாவுடின் என்ற பழைய எச்ஐவி மருந்தின் காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் போலியை வைரஸின் நொதி மட்டுமல்ல, நம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதியும் கோத்துக்கொண்டது. பாதம் எரிந்தது, கன்னம் ஒட்டியது. ஒட்டிய கன்னத்தை வைத்தே யாருக்கு என்ன வியாதி என்று ஊர் பேசியது. 2010இல் இங்கே ஸ்டாவுடினின் இடத்துக்கு வந்தது டெனோஃபோவிர். அது மைட்டோகாண்ட்ரியாவின் நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை.

இன்னொன்று. ஹெபடைடிஸ் பி வைரஸும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை வைத்துத்தான் பெருகுகிறது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் அடக்கி வைத்திருக்கும். அந்தத் தொற்று உள்ளவர் டிஎல்டியைத் திடீரென்று விட்டால் கல்லீரல் அழற்சி பொங்கிவரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். காவடி விரதம் என்று சிலர் மாத்திரையையும் சேர்த்து விடுகிறார்கள். அவசியமே இல்லை, டிஎல்டியை வெறும் வயிற்றிலும் போடலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் அந்த நேரத்தில் சேர்க்காதீர்கள், டோலுடெகிராவிர் உடலில் சேராது.

சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் டோலுடெகிராவிர் பற்றி டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான வரம்பு.

லேபிளைக் கிழிப்பது உங்கள் இஷ்டம். கிழிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். கவுன்டரில் கூட்டமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். வியாதியின் பெயரைச் சொல்லக்கூட வேண்டாம், அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.