லூப் ஏன் உருண்டையாக இல்லை?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருக்கிறாள். ரோலர் கோஸ்டரில் ஏற அம்மா விடவில்லை. கீழே நின்று ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு சந்தேகங்கள் வந்திருக்கின்றன. தலைகீழாகச் சுற்றிவரும் அந்த வளையம் ஏன் முழு வட்டமாக இல்லை? அது உச்சியில் இருக்கும்போது சட்டைப்பையில் சில்லறை இருந்தால் விழுமா, விழாதா?

ஏறியவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்திவிட்டு இறங்கியிருப்பார்கள். கீழே நின்றவளுக்குத்தான் வளையத்தின் வடிவம் தெரிந்திருக்கிறது. நூலில் முடிச்சுப் போடும்போது, இழுப்பதற்கு முன்னால் ஒரு கண்ணி நிற்குமே, அந்த வடிவம். தலைப்பக்கம் சின்ன வளைவு. கீழே இறங்க இறங்க வளைவு தளர்ந்து நேர்கோடாகிவிடுகிறது.

இந்த வடிவம் உலகத்துக்கு வந்த கதை, தெற்கு ஜெர்மனியில் பவேரியாவின் மியூன்ஸ்டர்ஹவுசன் என்ற சின்ன ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் கதை. பெயர் ஷ்வார்ட்ஸ்கோஃப். ஆன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப் 1924இல் பிறந்தவர். குடும்பத் தொழில் வண்டி கட்டுவது. திருவிழாவுக்குத் திருவிழா ஊர் மாறும் கேளிக்கைக்காரர்களுக்கு வண்டி செய்து கொடுத்தவர்கள், 1950களில் அவர்களுக்கு வேண்டிய ராட்டினங்களையும் செய்ய ஆரம்பித்தார்கள். 1957இல் ஷ்வார்ட்ஸ்கோஃப் தன் முதல் ரோலர் கோஸ்டரைக் கட்டினார்.

ஜெர்மனியின் திருவிழா மைதானங்கள் நம் ஊர்ப் பொருட்காட்சித் திடல் மாதிரிதான். எல்லாம் லாரியில் வந்து இறங்கும், சில நாளில் எழும்பி நிற்கும், திருவிழா முடிந்ததும் கழற்றி அடுத்த ஊருக்குப் போகும். அமெரிக்கப் பூங்காக்கள் மாதிரி மரத்தால் கட்டி நிரந்தரமாக நிறுத்திவைக்க முடியாது. எனவே எஃகு. ஒவ்வொரு துண்டும் லாரியில் அடங்க வேண்டும், கொஞ்ச இடத்துக்குள் நிறைய வளைவுகள் வர வேண்டும். இந்த நெருக்கடிதான் ஷ்வார்ட்ஸ்கோஃபை நல்ல பொறியியலுக்குத் தள்ளியது என்பது என் எண்ணம்.

ஷ்வார்ட்ஸ்கோஃப் பட்டறை மனிதர். கணக்குப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் வெர்னர் ஷ்டெங்கெல் என்ற இளம் பொறியாளர் அவரோடு வேலை செய்ய ஆரம்பித்தார். 1965இல் ஷ்டெங்கெல் மியூனிக்கில் தனி அலுவலகம் தொடங்கினாலும் கூட்டு தொடர்ந்தது. இவர் காகிதத்தில் வளைப்பார், அவர் இரும்பில் வளைப்பார்.

சரி, வளையத்துக்கு வருவோம்.

மனிதர்களைத் தலைகீழாகச் சுற்றிவிடும் ஆசை பழையது. 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் என்ற ஒன்றைக் கட்டினார்கள். சுமார் 25 அடி விட்டம், கிட்டத்தட்ட முழு வட்டம். இறங்கியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடிப்பகுதியில் 12 ஜி வரை அழுத்தியிருக்கும் என்று பின்னாளில் மதிப்பிட்டிருக்கிறார்கள் (ஒரு ஜி என்றால் புவியீர்ப்பின் வழக்கமான இழுப்பு, கணக்கில் 9.8). அதாவது 50 கிலோ ஆள் அந்த நொடியில் 600 கிலோ கனப்பார். 1901இல் அதே ஊரில் வளையத்தை முட்டை வடிவத்துக்கு மாற்றி இன்னொருவர் கட்டினார். கழுத்து தப்பித்தது, ஆனால் ஒரு தடவைக்கு நாலைந்து பேரைத்தான் ஏற்ற முடிந்ததால் வியாபாரம் தேறவில்லை. அப்புறம் அரை நூற்றாண்டுக்கும் மேல் பெரிதாக யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

வட்டத்தில் என்ன தப்பு? சின்ன வயதில் பால் வாங்கிக்கொண்டு வரும்போது தூக்குவாளியைக் கையால் சுழற்றாதவர்கள் யாராவது உண்டா? நான் தினமும் சுழற்றுவேன். சொட்டுப் பால் சிந்தாது. ஒருநாள் எதிரே அப்பா வருவதைப் பார்த்துப் பயந்து, வாளி தலைக்கு மேலே இருக்கும்போது வேகத்தைக் குறைத்தேன். அன்று வீட்டுக்குப் போனது அரை லிட்டரும் நனைந்த தலையும்தான்.

உச்சியில் பால் கீழே வரத்தான் பார்க்கும், புவியீர்ப்பு அதை விடவா போகிறது? ஆனால் வட்டத்தில் ஓட வேண்டும் என்றாலே மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உச்சியில் மையம் இருப்பது கீழே. போதுமான வேகம் இருந்தால் புவியீர்ப்பின் இழுப்பு முழுவதும் அந்த வளைவுக்கே செலவாகிவிடும், பால் விழுவதற்கு மிச்சமிருக்காது. வேகம் குறைந்தால் மிச்சம் வரும், தலை நனையும். தேவையான இழுப்பு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தது. பள்ளிப் பாடம்தான், மேலே போவோம்.

தூக்குவாளியைச் சுழற்ற நம் கை இருக்கிறது. ரோலர் கோஸ்டருக்கு வளையத்துக்குள் இன்ஜின் கிடையாது. ஏற ஏற வேகம் செத்துக்கொண்டே போகும். இங்கேதான் வட்டம் காலை வாருகிறது. 90 அடி, அதாவது 27 மீட்டர் உயர வளையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரயில் அடியில் மணிக்கு 88 கி.மீ. வேகத்தில் நுழைகிறது. அது நொடிக்கு 24.4 மீட்டர், வர்க்கம் ஏறக்குறைய 600. உராய்வை விட்டுவிடலாம். 27 மீட்டர் ஏறுவதற்குள் அந்த 600இல் 530 கரைந்துவிடுகிறது (இரண்டு பெருக்கல் 9.8 பெருக்கல் 27). உச்சியில் மிஞ்சுவது 70.

வளையம் முழு வட்டமானால் ஆரம் 13.5 மீட்டர். அடியில் 600ஐ 13.5ஆல் வகுத்தால் 44, அதாவது நாலரை ஜி. நம் சொந்த எடை ஒரு ஜியைச் சேர்த்தால் ஐந்தரை. நேர்கோட்டில் வந்த ரயில் வட்டத்தைத் தொட்ட கணத்தில் இது மொத்தமாக விழுகிறது. உச்சியிலோ 70ஐ 13.5ஆல் வகுத்தால் ஐந்து சொச்சம். புவியீர்ப்பு 9.8. வளைவுக்கு ஐந்துதான் தேவை, மிச்சம் நம்மை இருக்கையிலிருந்து பிரித்துக் கீழே இழுக்கும். நான் அன்று கவிழ்த்த பாலின் கதை. இதைச் சரிசெய்ய வேகத்தைக் கூட்டினால், உச்சியில் சரியாக ஒட்டிக்கொள்ளும் அளவு வரும்போது அடியில் ஆறு ஜி ஆகிவிடும். வட்டத்தைப் பெரிதாக்கினாலும் சின்னதாக்கினாலும் அதே ஆறுதான். கணக்கில் ஆரம் அடிபட்டுப் போய்விடுகிறது. நோட்டை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம், மூன்று வரி.

ஷ்டெங்கெல் செய்தது என்ன? வேகத்தோடு சண்டை போடவில்லை, ஆரத்தை மாற்றினார். வேகம் அதிகமாக இருக்கும் அடிப்பகுதியில் பெரிய ஆரம், வேகம் செத்துப்போகும் உச்சியில் சின்ன ஆரம். அதே ரயில், அதே 27 மீட்டர் உயரம். உச்சியில் ஆரத்தை 6 மீட்டராக இறுக்கினால் 70ஐ 6ஆல் வகுக்க ஏறக்குறைய 11.7 கிடைக்கும். புவியீர்ப்பை விட அதிகம். தலைகீழாக இருக்கிறோம், ஆனாலும் இருக்கை நம்மை லேசாக அழுத்துகிறது.

இதோடு விட்டிருந்தால் பாதி வேலைதான். பெரிய ஆரத்திலிருந்து சின்ன ஆரத்துக்கு எப்படிப் போவது? பெரிய வட்டத்தில் ஒரு துண்டையும் சின்ன வட்டத்தில் ஒரு துண்டையும் வெட்டி ஒட்டினால், ஒட்டின இடத்தில் உடம்பு வெட்டி இழுக்கும். கழுத்தை ஒடிப்பது விசையின் அளவு மட்டும் இல்லை, அது வந்து இறங்கும் திடுக்கும்தான். மலைப்பாதையில் பஸ் போவதை முன் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். நல்ல டிரைவர் வளைவு வந்ததும் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்க மாட்டார். முன்னாலேயே தொடங்கி, சீராகத் திருப்பிக்கொண்டே போவார். ஒரே வேகத்தில் ஓடும் பஸ்ஸில் ஸ்டியரிங்கை ஒரே சீராகத் திருப்பினால் சக்கரம் தரையில் வரையும் கோடு ஏறக்குறைய க்ளோதாய்டு. போன தூரம் எவ்வளவோ அவ்வளவு வளைவு. பத்து மீட்டருக்கு ஒரு பங்கு என்றால் இருபது மீட்டருக்கு இரண்டு பங்கு. நூல் நூற்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். சுருண்டுகொண்டே போகும் அந்த வளைவைப் பார்த்தால் கதிரில் நூல் சுற்றியது போலவே இருக்கும்.

இந்த வளைவு ஷ்டெங்கெல் கண்டுபிடித்ததில்லை. கணித மேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். ரயில் பாதைக்காரர்களுக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும், நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் ரயில் குலுங்காமல் நுழைவது இந்த வகை வளைவுகளால்தான். படுத்துக்கிடந்த அதைத் தூக்கி நிறுத்திய துணிச்சல்தான் ஷ்டெங்கெலுடையது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1976 மே மாதம், கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் அந்த வளையம் வைத்த கோஸ்டர் திறந்தது. அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு என்பதால் ‘கிரேட் அமெரிக்கன் ரெவல்யூஷன்’ என்று பெயர் வைத்தார்கள். 90 அடி வளையம், உச்ச வேகம் மணிக்கு 88 கி.மீ.; மேலே நாம் கணக்குப் போட்ட எண்கள் அதனுடையவைதான். முந்தைய ஆண்டே ஆரோ என்ற அமெரிக்கக் கம்பெனி தக்கைத் திருகு போல முறுக்கித் தலைகீழாக்கும் கோஸ்டரைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் நெட்டுக்குத்தான லூப்பில் நவீன காலத்தில் முதலில் வந்தது ஷ்வார்ட்ஸ்கோஃப். தோளுக்கு மேலிருந்து இறங்கிப் பூட்டும் சட்டம் எதுவும் அதில் இல்லை. மடியை அழுத்தும் ஒரு கம்பி, அவ்வளவுதான். ஆளைப் பிடித்துவைக்கும் வேலையை வளைவே செய்துவிடும் என்ற நம்பிக்கை.

அடுத்த ஆண்டே ஷட்டில் லூப் வந்தது. ரயிலை ஒரே தள்ளில் சீறவிடுவார்கள். லூப்பைச் சுற்றி, எதிரே உள்ள செங்குத்தான தண்டவாளத்தில் ஏறி நின்று, அப்படியே பின்பக்கமாக விழுந்து மறுபடி லூப்பைச் சுற்றித் திரும்பும். தள்ளுவதற்குச் சிலவற்றில் கனமான எடையைக் கீழே விழவிட்டார்கள், சிலவற்றில் பெரிய சுழல்சக்கரம். 1989இல் ஒலிம்பியா லூப்பிங். ஒலிம்பிக் வளையங்களின் நிறத்தில் ஐந்து லூப்புகள், மொத்தத்தையும் கழற்றி லாரியில் ஏற்றிவிடலாம். மியூனிக்கின் அக்டோபர் திருவிழாவிலும் லண்டன் ஹைட் பார்க் குளிர்காலச் சந்தையிலும் அது நிற்பதைப் பார்க்கலாம்.

இந்தப் புகழில் ஒரு கறையும் உண்டு. கனடாவின் எட்மன்டன் நகரில், ஒரு வணிக வளாகத்தின் கூரைக்குக் கீழே, 1985இல் மூன்று லூப்புகளோடு மைண்ட்பெண்டர் திறந்தது. 1986 ஜூன் 14 அன்று அதன் கடைசிப் பெட்டியின் சக்கரத் தொகுதி கழன்றது. மூன்று பேர் இறந்தார்கள். வளைவில் தவறில்லை. போல்ட்டுகள்.

நம் ஊர்ப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கட்டட்டும், எனக்கொன்றும் இல்லை. ஆனால் பழத்தை வாரம் தவறாமல் மாற்றுகிறவர்கள் போல்ட்டை எப்போது இறுக்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாசலில் தொங்கவிட்டால் இன்னும் நிம்மதியாக ஏறுவேன்.

ஷ்வார்ட்ஸ்கோஃப் நல்ல வியாபாரியாக இருக்கவில்லை. 1983இல் கம்பெனி திவாலானது. அதற்குப் பிறகும் மனிதர் ஓயவில்லை, மற்றக் கம்பெனிகளின் பட்டறைகள் வழியாகக் கட்டிக்கொண்டே இருந்தார். சுவீடனின் கோத்தன்பர்க்கில் 1987இல் அவர் அமைத்த லீசபெரிபானன் மலைச்சரிவை ஒட்டியே ஓடுகிறது. 2001இல் காலமானார். ஷ்டெங்கெல் 500க்கும் மேற்பட்ட கோஸ்டர்களில் கைவைத்திருக்கிறார். 2005இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது அதே கோத்தன்பர்க்கின் பல்கலைக்கழகம். அங்கே பிள்ளைகளைப் பூங்காவுக்கே கூட்டிப்போய், முடுக்கமானியைக் கையில் கொடுத்து இயற்பியல் சொல்லித்தருகிறார்கள். நான் படித்த பள்ளியில் வெர்னியர் காலிப்பர் பீரோவுக்குள் இருந்தது, பீரோ சாவி ஆசிரியர் வீட்டில் இருந்தது. ஆய்வகத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் ஒரு முடுக்கமானியும் நாலு டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும், இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது.

ரெவல்யூஷன் இப்போதும் ஓடுகிறது. இடையில் பல ஆண்டுகள் அதன் இருக்கைகளில் தோள் பூட்டை மாட்டியிருந்தார்கள். மடிக் கம்பிக்காக வடிவமைத்த பாதை என்பதால், வளைவுகளில் தலை அந்தப் பூட்டில் மோதுகிறது என்று ஏறியவர்கள் புலம்பினார்கள். 2016இல், நாற்பதாவது ஆண்டில், அதைக் கழற்றிவிட்டு மறுபடி மடியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சில்லறை விஷயத்துக்கு வருகிறேன். நல்ல லூப்பின் உச்சியில் உன் பையில் இருக்கும் காசும் உன்னோடு சேர்ந்து இருக்கையை நோக்கித்தான் அழுந்தும், விழாது. ஆனால் லூப்புக்கு முன்னும் பின்னும் வரும் மேடுகளில் வயிறு மேலே எழும்புமே, அங்கே காசும் எழும்பும். எனவே அடுத்த தடவை ஏறும்போது சில்லறையையும் செல்போனையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறு. அம்மா விட்டால்.